போனை வைக்கத் தெரியாத மோடம்

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

டயல்-அப் இன்டர்நெட் என்று சொன்னதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்தச் சத்தம்தான். கீச்சென்று ஆரம்பித்து, கொரகொரத்து, கடைசியில் சட்டென்று அடங்கும். அடங்கினால் கனெக்‌ஷன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பற்றி நிறையப் பேர் நிறையப் பேசிட்டாங்க. இன்னைக்கு நாம பார்க்கப் போறது அதோட இன்னொரு முனை. பேசி முடித்த பிறகு மோடம் எப்படி போனை வைக்கிறது? அது வைக்காமல் போனால் என்ன ஆகும்?

கேட்க சின்ன விஷயமாத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் பல இடங்களில் உள்ளூர் அழைப்புக்கு மாதத்துக்கு ஒரே கட்டணம். லைன் ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தாலும் பில் ஏறாது. நம்ம ஊர் கதை வேற. 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்தபோது, இரண்டு இடத்தில் மீட்டர் ஓடியது. ஒன்று, வி.எஸ்.என்.எல்.லிடம் வாங்கி வைத்த மணிக்கணக்கு. இன்னொன்று, டெலிபோன் இலாகாவின் பல்ஸ் கணக்கு. மோடம் ரிசீவரை வைக்காமல் தூங்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஓடும். திரையில் எல்லா ஜன்னலையும் மூடியாச்சு, கம்ப்யூட்டர் சும்மா இருக்கு, ஆனா லைன் மட்டும் எங்கேயோ போய்க்கிட்டே இருக்கு. பில் வரும்போதுதான் தெரியும்.

இதை நிறையப் பேர் அந்தக் கம்ப்யூட்டரின் கோளாறு என்று நினைத்தார்கள். உண்மையில் இது ஒரு வடிவமைப்புக் கேள்வி. அதற்கு நாற்பது வருஷ வரலாறு இருக்கு.

முதலில் போனை வைப்பது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பழைய செப்புக்கம்பி போனில், எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு கம்பி வீட்டுக்கு வரும். அதில் ஏறத்தாழ 48 வோல்ட் நிற்கும். ரிசீவரை எடுத்தால் அந்த இரண்டு கம்பியும் போனுக்குள் இணைந்து மின்சாரம் ஓட ஆரம்பிக்கும். எக்ஸ்சேஞ்ச் அதைப் பார்த்து டயல் டோன் கொடுக்கும். வைத்தால் ஓட்டம் நிற்கும். அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சுக்கு நீங்க என்ன பேசுறீங்கன்னு தெரியாது, மின்சாரம் ஓடுதா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்.

1962இல் அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனம் பெல் 103 என்ற மோடத்தைக் கொண்டுவந்தது. வினாடிக்கு 300 பிட். அப்போது டெலிபோன் லைன் என்பது முழுக்க முழுக்க அந்த நிறுவனத்தின் சொத்து. வெளியார் செய்த கருவி எதையும் அதில் மாட்டக் கூடாது. 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடையைத் தளர்த்தியது. ஆனாலும் நடுவில் தன்னுடைய பாதுகாப்புப் பெட்டியை வாடகைக்கு எடுத்தே தீரணும் என்று ஏ.டி. அண்டு டி. வைத்திருந்தது. கருவியைப் பதிவு செய்துவிட்டால் நேரடியாக மாட்டலாம் என்ற விதி வந்தது எழுபதுகளின் நடுவில்தான்.

அதுவரை மற்றவர்கள் என்ன செய்தார்கள்? போன் ரிசீவரையே தூக்கி, ரப்பர் கிண்ணம் இரண்டு வைத்த ஒரு பெட்டியின் மேல் கவிழ்த்தார்கள். மோடம் அதன் காதுக்குள் கத்தும், வாயிலிருந்து கேட்கும். இதில் போனை எடுப்பதும் மனுஷன், டயல் செய்வதும் மனுஷன், வைப்பதும் மனுஷன். மோடம் துண்டிக்கலை என்ற புகாரே அந்தக் காலத்தில் வர வழியில்லை. ஆள் மறந்துவிட்டான் என்ற புகார்தான் வரும்.

நேரடியாக லைனில் மாட்டும் உரிமை கிடைத்ததும்தான் இந்தக் கை மோடத்துக்குள் போனது. உள்ளே ஒரு ரிலே. அது ஒட்டினால் போனை எடுத்த மாதிரி, விலகினால் வைத்த மாதிரி. இப்போ கேள்வி: அந்த ரிலேயை விலகச் சொல்வது யார், எப்படிச் சொல்வது?

அட்லாண்டாவில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் என்று இரண்டு பேர். நேஷனல் டேட்டா கார்ப்பரேஷன் என்ற கம்பெனியில் பழக்கம். 1977இல் ஹேய்ஸ் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே மோடம் செய்து விற்க ஆரம்பித்தார். அவை கம்ப்யூட்டருக்குள் செருகும் அட்டைகள். உள்ளே செருகியிருப்பதால், ரிலேயை விலக்குவது கம்ப்யூட்டருக்கு ஒரு எண்ணை ஒரு இடத்தில் எழுதுகிற வேலை. அதில் தகராறே இல்லை.

தகராறு 1981இல் வந்தது. ஸ்மார்ட்மோடம் என்ற பெயரில், எந்தக் கம்ப்யூட்டரோடும் சேரும்படி வெளியே வைக்கும் பெட்டி. அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சீரியல் கேபிள். நீங்க அனுப்புகிற கடிதமும் அதே கம்பியில் போகணும், மோடத்துக்குக் கொடுக்கிற கட்டளையும் அதே கம்பியில் போகணும். அதற்காக இரண்டு நிலை வைத்தார்கள். கட்டளை நிலையில் மோடம் தனக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். லைன் கிடைத்ததும் தரவு நிலைக்குப் போய்விடும். அப்புறம் வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மறுமுனைக்குத் தள்ளும். ஏ.டி.எச். என்று கட்டளை கொடுத்தால் போனை வைக்கும். ஆனால் தரவு நிலையில் இருக்கும்போது ஏ.டி.எச். என்று அடித்தால்? அதையும் மறுமுனைக்கு அனுப்பிவிட்டு சும்மா இருக்கும்!

அந்தக் காலத்தில் தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி வரிவரியாகச் சொல்கிறார், இவர் எழுதுகிறார். நடுவில் பாட்டி "போதும்" என்கிறார். அது கடிதத்தில் எழுத வேண்டிய "போதும்" என்ற வார்த்தையா, இல்லை நிறுத்தச் சொல்கிறாரா? பாட்டி பேச்சை நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, "போதும்" என்று சொல்லி, மறுபடி மௌனமாக இருந்தால் அது எழுதுபவருக்கான சொல். பேச்சோடு பேச்சாக வந்தால் கடிதத்துக்கான சொல்.

ஹெதரிங்டன் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஒரு வினாடி மௌனம், பிறகு மூன்று கூட்டல் குறி, மறுபடி ஒரு வினாடி மௌனம். இந்த மூன்றும் வரிசையாக வந்தால் மட்டும் மோடம் காதைத் திருப்பி "ஓகே" என்று சொல்லும். லைன் அறுபடாது, கட்டளை நிலைக்கு மட்டும் வரும். இப்போ ஏ.டி.எச். கொடுத்தால் வைக்கும். ஒரு ஃபைல் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அதற்குள் மூன்று கூட்டல் குறி இருந்தாலும், முன்னும் பின்னும் மௌனம் இருக்காது என்பதால் மோடம் ஏமாறாது.

அந்தக் கூட்டல் குறி எது, மௌனம் எவ்வளவு என்பதெல்லாம் மோடத்துக்குள் எண்களாக இருக்கும். எஸ்2 என்ற பதிவேட்டில் 43, அது கூட்டல் குறியின் எண். எஸ்12இல் 50, அதாவது ஐம்பதில் ஒரு பங்கு வினாடி ஐம்பது முறை, ஆக ஒரு வினாடி. இந்த இரண்டு எண்ணும் பின்னால் திரும்ப வரும், ஞாபகம் வச்சுக்கங்க.

எவ்வளவு அழகான யோசனை! ஆனால் மோடம் துண்டிக்க மறுத்த கதைகளில் பாதி இங்கேயே ஆரம்பிக்கிறது. சில மென்பொருள் ஒரு வினாடி பொறுக்காது, அவசரப்பட்டு கூட்டல் குறியோடு கட்டளையையும் சேர்த்து அனுப்பிவிடும். மோடம் அதை மறுமுனைக்குத் தபாலில் சேர்த்துவிடும். வேறு சில நேரம், மௌனமாக இருக்க வேண்டிய அந்த ஒரு வினாடிக்குள் வேறொரு எழுத்து வழிந்து போய்விடும். மௌனம் கலைந்தது, அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நீங்கள் அனுப்பும் கூட்டல் குறிகளை உங்கள் மோடம் மறுமுனைக்கும் அனுப்பத்தான் செய்யும். மூன்றாவது குறிக்குப் பிறகு மௌனம் வருமா வராதா என்று அதற்கு முன்கூட்டித் தெரியாதே! மறுமுனையில் இருக்கும் கம்ப்யூட்டர், வந்த எழுத்தையெல்லாம் திருப்பி எதிரொலிக்கும் பழக்கமுள்ளது. அது அந்த மூன்று குறியையும் தன்னுடைய மோடத்தின் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. அங்கேயும் முன்னும் பின்னும் மௌனம். உடனே அந்த மோடம் "என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று கட்டளை நிலைக்குப் போய் நிற்கும். இரண்டு மோடமும் லைனைப் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றோடொன்று பேசாமல். இதனால்தான் அழைப்பை வாங்கும் பக்கத்து மோடத்தில் எஸ்2ஐ 255 ஆக்கி, அந்த வசதியையே அணைத்து வைக்கச் சொன்னார்கள் அனுபவசாலிகள்.

அப்போ வேற வழியே இல்லையா என்றால், இருந்தது. கேபிளிலேயே இருந்தது. ஆர்.எஸ்.-232 என்ற அந்தச் சீரியல் இணைப்பில் எழுத்துகள் போகும் கம்பி போக, சைகைக்கென்று தனிக் கம்பிகள் உண்டு. 25 பின் கொண்ட செருகியில் 20ஆவது பின்னுக்கு டி.டி.ஆர். என்று பெயர். "நான் தயாராக இருக்கிறேன்" என்று கம்ப்யூட்டர் மோடத்துக்குச் சொல்வது. 8ஆவது பின் எதிர்த்திசையில், "மறுமுனையின் சத்தம் கேட்கிறது" என்று மோடம் கம்ப்யூட்டருக்குச் சொல்வது. அதற்கு கேரியர் டிடெக்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் 20ஆவது பின்னை இறக்கினால் மோடம் போனை வைத்துவிட வேண்டும். கூட்டல் குறி, மௌனம் எதுவும் வேண்டாம். என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி. கட்டளைக்கும் கடிதத்துக்கும் தனித்தனிக் கம்பி இருக்கும்போது குழப்பத்துக்கு இடமே இல்லை.

அப்புறம் ஏன் எல்லோரும் இதையே பயன்படுத்தலை? காசுதான். ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அந்தக் கம்பிகள் முழுதாக இல்லை. அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, பொதுவாக ஒன்று என மூன்றே கம்பி வைத்த கேபிள்களும் புழக்கத்தில் இருந்தன. அப்படிப்பட்ட கேபிளில் மாட்டினால், 20ஆவது பின்னில் எதுவும் வராது. அதை நம்பும் மோடம் போனை எடுக்கவே எடுக்காது. அதனால் தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்றால், அந்தப் பின்னைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு அமைப்பு வைத்தார்கள். &டி0 என்றால் கண்டுகொள்ளாதே, &டி2 என்றால் இறங்கியதும் போனை வை. அதேபோல &சி0 என்றால் மறுமுனை இருக்கோ இல்லையோ, கேரியர் இருப்பதாகவே சொல்லு. &சி1 என்றால் உண்மையைச் சொல்லு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது பல மோடங்கள் &டி0, &சி0 என்ற நிலையில்தான் வந்தன. எவரிடமும் வேலை செய்யணுமே! விளைவு, எடுக்கிறது எளிது, வைக்கிறது கஷ்டம்.

வீட்டில் ஒரே ஆள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் இதனால் பில்தான் ஏறும். யூனிக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில், பலர் டயல் செய்து உள்ளே வரும் இடத்தில், இது பாதுகாப்பு ஓட்டை. யோசித்துப் பாருங்கள். ஒருவர் உள்ளே நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். லைன் அறுந்துவிடுகிறது. மோடம் &சி0 என்பதால் "மறுமுனை இருக்கு" என்றே பொய் சொல்கிறது. கம்ப்யூட்டரும் அவருடைய அமர்வைத் திறந்தே வைத்திருக்கிறது. அடுத்து டயல் செய்தவர் யாரோ. அவரிடம் பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. நேராக முன்னவரின் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். முன்னவர் நிர்வாகியாக இருந்தால்? சொல்லவே வேண்டாம்.

இது நடக்காமல் இருக்கத்தான் யூனிக்ஸில் ஒரு சைகை வைத்திருந்தார்கள். எண் 1. பெயர் சிக்-ஹப். ஹேங்-அப் என்பதன் சுருக்கம், நேரடியாகவே போனை வைப்பது. லைன் அறுந்தது என்று 8ஆவது பின் சொன்னால், அந்த லைனில் ஓடும் நிரல்களுக்கெல்லாம் இந்தச் சைகை போகும். அவை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும். லைன் போனாலும் என் வேலை நிற்கக் கூடாது என்பவர்களுக்காக நோஹப் என்று ஒரு கட்டளை. இன்னைக்கு சர்வர் வேலை பார்க்கிற பசங்க நோஹப் என்று தினமும் அடிக்கிறாங்க. அதில் வைக்கப்படாத அந்த ஹப், ஒரு டெலிபோன் ரிசீவர்! பின்னணியில் ஓடும் சேவைகளுக்கு இதே சைகையை அனுப்பினால் அமைப்புகளை மறுபடி படிக்கும் என்பது பிறகு வந்த வழக்கம். அவற்றுக்கு வைக்க போனே இல்லை, அதனால் அந்தச் சைகை சும்மா கிடந்தது, வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு லைன் வைத்து வீட்டிலிருந்து தகவல் பலகை நடத்தியவர்களுக்கு இது வேறு விதத் தலைவலி. 1978 பிப்ரவரியில் சிகாகோவில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் ஆரம்பித்த சி.பி.பி.எஸ். தொடங்கி, இந்தப் பலகைகள் பெரும்பாலும் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரு ஆள். அந்த ஆளின் மோடம் வைக்கவில்லை என்றால் ஊருக்கே எங்கேஜ்டு டோன். பலகையின் மோடம் தன் பக்கத்தில் போனை வைத்துவிட்டாலும் போதாது. ஏனென்றால் பழைய எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றில் கூப்பிட்டவர் வைத்தால்தான் லைன் உடனே விடுபடும். கூப்பிடப்பட்டவர் வைத்தால் கொஞ்ச நேரம் காத்திருக்கும், அதற்குள் மறுபடி எடுத்தால் பழைய ஆளே இருப்பார்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மாடியில் போனை வைத்துவிட்டு இறங்கி வந்து கூடத்தில் எடுத்துப் பேசுவதற்கு வசதியாகத்தான் இருந்தது அது. பிரிட்டனில் இதை வைத்தே பெரிய திருட்டு நடந்தது. வயதானவர்களைக் கூப்பிட்டு, "போலீஸ் பேசுறோம், உங்க கார்டைத் திருடிட்டாங்க, சந்தேகமா இருந்தா போனை வைச்சுட்டு உங்க பேங்க் நம்பருக்கே போடுங்க" என்பார்கள். அவர் வைப்பார், எடுப்பார், டயல் டோன் கேட்கும். அந்த டோனை ஒலிபரப்புவதே திருடன்தான்! அவன் லைனை விடவே இல்லை. பேங்க் நம்பரைப் போட்டதும் கூட்டாளி எடுப்பான். டெலிபோன் நிறுவனங்கள் அந்தக் காத்திருப்பு நேரத்தைச் சில வினாடிகளாகக் குறைத்த பிறகுதான் இது அடங்கியது.

சரி, மோடத்துக்கு வருவோம். துண்டிக்கலை என்றால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க, ஹேய்ஸ் பெட்டியின் முகப்பில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. டி.ஆர். என்ற விளக்கு, கம்ப்யூட்டர் தயார் என்பதற்கு. ஓ.எச். என்பது, போன் எடுத்த நிலையில் இருக்கிறது என்பதற்கு. சி.டி. என்பது கேரியருக்கு. மென்பொருளில் துண்டி என்று சொன்ன பிறகும் டி.ஆர். எரிகிறதா? அப்படின்னா குற்றம் கம்ப்யூட்டர் பக்கம், அல்லது கேபிள் பக்கம். டி.ஆர். அணைந்தது, ஓ.எச். மட்டும் எரிகிறதா? மோடம் அந்தப் பின்னைக் கண்டுகொள்ளவில்லை, &டி2 போடு. ஓ.எச்.சும் அணைந்துவிட்டது, ஆனால் பக்கத்திலிருக்கும் போனை எடுத்தால் டயல் டோன் இல்லையா? ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், இல்லை எக்ஸ்சேஞ்ச் இன்னும் விடவில்லை. வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி செருகினால் எது என்று தெரிந்துவிடும். பின்னால் வந்த, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒளிந்துகொண்ட மோடங்களில் இந்த விளக்கெல்லாம் போச்சு. அது பெரிய நஷ்டம் என்றுதான் சொல்வேன்.

வைத்தியமே வியாதியான இடம் ஒன்றையும் சொல்லணும். மறுமுனையின் சத்தம் நின்றால் எவ்வளவு நேரம் பொறுத்து போனை வைப்பது என்பது எஸ்10 என்ற எண்ணில் இருக்கும். வழக்கமாக 14, அதாவது 1.4 வினாடி. கால் வெயிட்டிங் வந்ததும், அதன் டொக்கு சத்தத்தில் கேரியர் அறுந்து லைன் போய்விடும். அதற்கு ஊரெல்லாம் சொன்ன வைத்தியம், எஸ்10ஐ ஏற்று. ஏற்றினால் கால் வெயிட்டிங்கைத் தாங்கும், உண்மைதான். ஆனால் சிலர் கையோடு 255 வரை ஏற்றிவிட்டார்கள். 255 என்றால் இருபத்தைந்தரை வினாடி இல்லை. சத்தம் நின்றாலும் கவலைப்படாதே, போனை வைக்கவே வைக்காதே என்று அர்த்தம். மறுமுனை போய் மணிக்கணக்கான பிறகும் மோடம் வெறும் லைனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் தற்செயல். 1996 கடைசியில் இதையே வேண்டுமென்று செய்தவர்கள் வந்தார்கள்.

சில ஆபாசத் தளங்களில், படங்களை இலவசமாகப் பார்க்கலாம், ஒரு சின்ன நிரலை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. அதை ஓடவிட்டால் அது முதலில் மோடத்தின் ஸ்பீக்கரை அணைக்கும். பிறகு உங்கள் வழக்கமான இணைப்பைத் துண்டிக்கும். பிறகு ஓசையில்லாமல் ஒரு வெளிநாட்டு எண்ணை டயல் செய்யும். எண் 373இல் ஆரம்பிக்கும். 373 என்பது மால்டோவா நாட்டின் குறியீடு. நிமிடத்துக்கு 2 டாலருக்கும் மேல். அழைப்பு உண்மையில் மால்டோவாவுக்கே போகவில்லை, கனடாவில் முடிந்தது என்பது விசாரணையில் தெரிந்தது. பில் மட்டும் மால்டோவா விலைக்கு.

இதில் நம்ம தலைப்புக்கு வேண்டியது இதுதான்: அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்தாலும் லைன் அறுபடாது. வேறு தளங்களுக்குப் போனாலும், அதே மால்டோவா லைன் வழியாகத்தான் போவீர்கள். மோடத்தையோ கம்ப்யூட்டரையோ அணைக்கும் வரை மீட்டர் ஓடும். மோடம் டயல் செய்யும்போது ஏன் அந்தக் கர்ணகொடூரமான சத்தத்தை நமக்குக் கேட்கவிட்டார்கள் என்று யாராவது கேட்டால், அதற்கு இதுவும் ஒரு பதில். காதில் விழுந்திருந்தால், "நான் டயல் பண்ணச் சொல்லலையே" என்று எழுந்து வந்திருப்பார்கள். அதனால்தான் அந்த நிரல் முதல் வேலையாக ஸ்பீக்கரை அணைத்தது.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1997 பிப்ரவரியில் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அந்த ஆண்டே சமரசம் ஆகி, 38,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 27 லட்சத்து 40 ஆயிரம் டாலர் திரும்பக் கிடைத்தது. இப்படிப்பட்ட ஏமாற்றில் பணம் திரும்புவது அபூர்வம். அதே வித்தையை வேறு வேறு நாட்டு எண்களை வைத்துப் பலரும் தொடர்ந்தார்கள். பிராட்பேண்ட் வந்து, டயல் செய்யும் மோடமே வீட்டில் இல்லாமல் போனபோதுதான் அந்தத் தொழில் படுத்தது.

இப்போ அந்த ஒரு வினாடி மௌனத்துக்குத் திரும்புவோம். ஹெதரிங்டனின் யோசனைக்கு 1985இல் காப்புரிமை கிடைத்தது. ஹேய்ஸ் கட்டளைகளையே எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருந்ததால், மற்ற மோடம் கம்பெனிகளிடம் ஹேய்ஸ் நிறுவனம் கட்டணம் கேட்டது. சிலர் மறுத்தார்கள். வழக்கு. 1991இல் ஜூரி ஹேய்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 1992இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

காசு கொடுக்க மனமில்லாத கம்பெனிகள் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி செய்தன. மௌனம் என்பதுதானே காப்புரிமையில் இருக்கு, மௌனமே வேண்டாம். மூன்று கூட்டல் குறியைத் தொடர்ந்து ஏ.டி. என்று ஆரம்பிக்கும் சரியான கட்டளையும் என்டரும் வந்தால், அதைக் கட்டளையாக எடுத்துக்கொள் என்று வைத்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து டைஸ் என்றார்கள். பாட்டி இடைவெளியே விடாமல் சொன்னாலும், "போதும், எழுதுவதை நிறுத்து" என்ற வரி வந்தால் எழுதுபவர் பேனாவை வைத்துவிடுவார். பேரனுக்கு எழுதும் கடிதத்தில் நிஜமாகவே அந்த வரி வந்தால்? ஹேய்ஸ் இதைச் சுட்டிக்காட்டி, எந்த நேரமும் லைன் அறுபடும் என்று பிரசாரமே செய்தது. வியாபாரப் போட்டியில் சொன்னதால் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1998இல் அது பலித்தது. இன்டர்நெட்டில் ஒரு கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க பிங் என்று ஒரு தட்டு தட்டுவார்கள். என்ன எழுத்தை அனுப்பினாலும் அதையே அந்தக் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பும், அதுதான் மரபு. அந்தத் தட்டுக்குள் +++ஏ.டி.எச்.0 என்று வைத்து அனுப்பினால்? எதிராளியின் கம்ப்யூட்டர் மரியாதையாக அதைத் தன் மோடம் வழியே திருப்பி அனுப்பும். மௌனம் தேவைப்படாத மோடம், தன் எஜமானே சொன்னதாக நினைத்து போனை வைத்துவிடும்! அரட்டை அறைகளில் சண்டை போட்டுக்கொண்டவர்களுக்கு இது கையில் கிடைத்த கல். பிடிக்காதவனுக்கு ஒரு பிங். அவன் போயே போய்விடுவான். அனுப்புபவனிடமும் அதே மாதிரி மோடம் இருந்தால் முதலில் அவன் லைன்தான் அறும் என்பது தனி வேடிக்கை.

தீர்வு பழைய தீர்வுதான். எஸ்2ஐ 255 ஆக்கு, கூட்டல் குறிக்குக் காது கொடுக்காதே. இதற்கெல்லாம் காரணமான காப்புரிமையின் சொந்தக்காரர்கள் அப்போது சந்தோஷப்படும் நிலையில் இல்லை. 1994இல் ஒருமுறை திவால் பாதுகாப்புக் கேட்டு மீண்ட ஹேய்ஸ் நிறுவனம், 1998 அக்டோபரில் மறுபடி கேட்டது. 1999 ஜனவரியில் மூடிவிட்டார்கள். பெயரை ஜூம் டெலிபோனிக்ஸ் என்ற கம்பெனி வாங்கிக்கொண்டது.

கட்டளைகள் மட்டும் சாகவில்லை. மொபைல் தொலைத்தொடர்புக்கான உலகத் தரநிலைகளில் ஏ.டி. கட்டளைகளுக்கென்றே ஒரு ஆவணம் இருக்கு. ஓடும் லாரி எங்கே போகிறது என்று சொல்லும் ஜி.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் சின்ன 4ஜி மாட்யூலும் ஏ.டி. என்று தட்டினால் "ஓகே" என்கிறது. தரவு நிலையிலிருந்து அதை வெளியே கூப்பிட, அதன் கையேட்டைத் திறந்தால், மூன்று கூட்டல் குறி, முன்னும் பின்னும் மௌனம் என்றுதான் பல மாட்யூல்களில் எழுதியிருக்கும். அந்தக் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. மௌனம் இப்போ இலவசம்.

அடுத்த அத்தியாயத்தில் ஃபேக்ஸ் மெஷின் பற்றிப் பேசலாம்.